ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா: எட்டு நாள், ஒரே கார், ஒரே செட் டயர்

(திரையில்: விடியற்காலை. ரேஸ் டிராக்கின் பேடாக்கில் (கார்களை நிறுத்தித் தயார் செய்யும் இடத்தில்) ஒரு கார். பக்கத்தில் தரையில் விரித்த தார்ப்பாய், அதன்மேல் சூட்கேஸ், ஜாக்கி, ஆயில் கேன், தலையணை.)

வணக்கம். இந்தக் கார் நேத்து சாயங்காலம் வேற ஒரு மாநிலத்துல, வேற ஒரு டிராக்ல ஓடிச்சு. ராத்திரி ஹைவேயில 600 கிலோமீட்டர் வந்துச்சு. இன்னைக்குக் காலையில திரும்பவும் டிராக்ல இறங்கப் போகுது. டிரெய்லர் கிடையாது, பின்னாடி மெக்கானிக் வேனும் கிடையாது. கீழ தார்ப்பாய்ல கிடக்கிறதுதான் இவங்க மொத்த ஒர்க்‌ஷாப்.

இதுதான் ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா. சம்பளத்துக்கு ஓட்டுற ரேஸ் டிரைவரா இல்லாத சாதாரண ஆள், தன்னோட சொந்தக் காரை எடுத்துக்கிட்டு வந்து கலந்துக்கலாம். எப்படித் தயாராகணும், எங்க சறுக்கும்னு இந்த வீடியோவுல பார்க்கலாம்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. கார் அண்ட் டிரைவர் பத்திரிகையில எழுதிக்கிட்டிருந்த பிராக் யேட்ஸ், 1971-ல கேனன்பால்னு ஒரு ஓட்டத்தை ஆரம்பிச்சார். நியூயார்க்ல இருந்து கலிஃபோர்னியா கடற்கரை வரைக்கும் பொதுச் சாலையில யார் வேகமா போறாங்கன்னு போட்டி. அந்த வருஷம் நவம்பர்ல அவரும் ரேஸ் டிரைவர் டான் கர்னியும் ஒரு ஃபெராரி டேடோனாவுல 35 மணி 54 நிமிஷத்துல போய்ச் சேர்ந்தாங்க. பொதுச் சாலையில அந்த மாதிரி ஓட்டம் தொடர முடியாது, தொடரவும் கூடாது. 1979-க்கு அப்புறம் அது நின்னுபோச்சு. 1984-ல அவரே ஒன் லேப்பைத் தொடங்கினார். இன்னைக்கு இருக்கிற வடிவத்துல வேகத்துக்கு டிராக் மட்டும்தான். டிராக்குக்கும் டிராக்குக்கும் நடுவுல ஹைவே, அங்க சட்டப்படிதான் போகணும்.

வழக்கமா மே மாசம், இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட்ல, டயர் விக்கிற டயர் ரேக் நிறுவனத்தோட வளாகத்துல ஆரம்பம். முடியுறதும் அங்கதான். எட்டு நாள், மொத்தம் 5,000 கிலோமீட்டருக்கு மேல. டிராக்குகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். விஸ்கான்சின்ல ரோடு அமெரிக்கா, மிச்சிகன்ல ஜிஞ்சர்மேன், ஒஹையோவுல மிட்-ஒஹையோ, கென்டக்கியில என்சிஎம் மாதிரி இடங்கள். சில வருஷம் நேர்கோட்டுல சீறிப் போற டிராக் (drag) ரேஸும், கோன்களுக்கு நடுவுல வளைஞ்சு ஓடுற ஆட்டோகிராஸும் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு செஷன்ல டிராக்கைப் பார்த்து வைக்க ஒரு ரீகான் லேப் (லேப்னா டிராக்ல ஒரு சுத்து), அப்புறம் நின்ன இடத்துல இருந்து கிளம்பி மூணு லேப், அந்த மூணுக்கும் சேர்த்து ஒரே நேரக்கணக்கு, கடைசியா காரை ஆத்திக்கிட்டு வர ஒரு லேப். ரோடு அமெரிக்கா பெரிய டிராக், ஒரு சுத்து 6.5 கிலோமீட்டர். அங்க கூட நேரக்கணக்குல ஓடுறது 20 கிலோமீட்டர்கூட முழுசா வராது. செஷன் பெரும்பாலும் காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. வாரம் முழுக்க டிராக்ல ஓடுறதை எல்லாம் கூட்டினாலும் மொத்தத் தூரத்துல பத்துல ஒரு பங்குக்கும் கம்மி. மீதி எல்லாம் ஹைவே. அதனால டிராக்குக்குன்னே செஞ்ச கார் இங்க வேலைக்கு ஆகாது. ராத்திரி ஒரு மணிக்கு மழையில ஏசியும் வைப்பரும் ஒழுங்கா ஓடுற, சீட்ல ஆறு மணி நேரம் உக்கார முடியுற கார்தான் வேணும். மேல் இடங்கள்ல நிசான் ஜிடி-ஆர், போர்ஷே 911, கார்வெட் இருக்கும்தான். ஆனா பிரிவுகள் நிறைய இருக்கு. ஒரு நல்ல கண்டிஷன்ல இருக்கிற ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயோ மஸ்தா மியாட்டாவோ போதும், தன் பிரிவுல மரியாதையா ஓடிட்டு வரலாம்.

(திரையில்: டயர் பக்கச்சுவரில் உள்ள எழுத்து, மெதுவாகப் பெரிதாகிறது.)

இப்போ டயர். ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவா தேயும்னு பக்கச்சுவர்ல போட்டிருக்கிறது) குறைஞ்சது 200 இருக்கணும், எட்டு நாளும் அதே ஒரு செட்தான். முதல் நிகழ்ச்சியே தண்ணி நனைச்ச தரையில வட்டமா சுத்துற ஸ்கிட்பேட். அதே டயர்ல கடைசி நாள் காய்ஞ்ச தரையில ஸ்கிட்பேட். நடுவுல மழை, வெயில், ஹைவே எல்லாம் இதே ரப்பர்லதான்.

அலைன்மென்ட் செய்யுறப்போ நிறைய பேர் கேம்பரை, அதாவது சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளயோ வெளியயோ சாயுற கோணத்தை, கண்டு பயப்படுவாங்க. முன்பக்கம் மைனஸ் 2 டிகிரி, ஏன் இரண்டரை வச்சாலும் டயர் தாங்கும். டயரைத் தின்கிறது டோ தான், அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம். டோ-அவுட், அதாவது வெளிப்பக்கமா வச்சா கார் வளைவுல சுறுசுறுப்பா திரும்பும், உண்மைதான். ஆனா நேர்ச் சாலையில ரெண்டு டயரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, தரையில உரசிக்கிட்டே வரும். 5,000 கிலோமீட்டர் இப்படி உரசினா உள்விளிம்புல கம்பி தெரியும். முன்பக்கம் டோ பூஜ்யம், பின்பக்கம் லேசா உள்பக்கமா. இது போதும்.

காத்து விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா அதிகம் பேர் தப்பு பண்ற இடம் இதுதான். டயர்ல சூடு ஐந்தரை டிகிரி செல்சியஸ் ஏறினா, அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில 10 டிகிரி குளிர்ல 32 வச்சுக்கிட்டு டிராக்ல இறங்கினா, மூணு லேப் முடியறதுக்குள்ள 40-ஐத் தாண்டிரும். டயர் நடுவுல உப்பி, பிடிமானம் போயிரும். அதனால சூட்டுல அளந்து 35-க்குக் காத்தை இறக்குவாங்க. இது சரி. இதுக்கப்புறம்தான் தப்பு நடக்குது.

டிராக் முடிஞ்சது, சாமான் ஏத்தியாச்சு, அப்படியே ஹைவேக்குக் கிளம்பிட்டாங்க. 65 டிகிரியில 35 இருந்த டயர், ராத்திரி 10 டிகிரிக்கு ஆறினா சுமார் 27-க்கு வந்து நிக்கும். கார்ல ரெண்டு பேர், டிக்கி நிறைய பாரம். 27-ல டயரோட தோள்பட்டை மடங்கி மடங்கி நிமிரும், உள்ளுக்குள்ள சூடு ஏறும். பஞ்சர் ஆகாமலே டயர் கெட்டுப்போற வழி இது. அதனால பேடாக்கை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி 12 வோல்ட் பம்ப்பை எடுத்து காத்து ஏத்துங்க. சூடா இருக்கிறப்போ மீட்டர் 42, 43 காட்டினா பயப்பட வேண்டாம், ஆறினதும் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அளவுக்கு வந்துரும். நாலு டயருக்கும் சேர்த்து பத்து நிமிஷ வேலைதான்.

(திரையில்: பிரேக் ஆயில் டப்பா. பழுத்துப் பழுப்பான ஆயிலும் புது ஆயிலும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பக்கத்தில் பக்கத்தில்.)

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 4 தரத்துக்குப் புதுசுல குறைஞ்சபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினதுக்கு அப்புறம் 155. ரேஸுக்குன்னு வர்ற ஆயில்ல புதுசுல 300-ஐத் தாண்டுறது கிடைக்கும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் அதை மாத்துங்க, கூடவே ஒரு லிட்டர் சீல் உடைக்காம டிக்கியில வைங்க. திறந்த டப்பாவைக் கொண்டு போகாதீங்க.

பெடல் ரெண்டு விதமா பேசும், வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி உள்ள போனா, ஆயில் கொதிச்சு ஆவியாகி இருக்கு. உடனே மெதுவா வந்து நிறுத்துங்க, ஆறினதும் ஏர் எடுக்கணும், அதாவது பிரேக் லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்தணும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்து கார் மட்டும் நிக்கலைன்னா, அது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடு சூடு தாங்காம வழுக்குது. ஆற விட்டா திரும்பி வரும், ஆனா அந்தப் பேடு உங்க காருக்குப் பத்தாதுன்னு அர்த்தம்.

ஏர் எடுக்கிறப்போ வண்டியோட மேனுவல் சொல்ற வரிசைதான் சரி. பழைய வண்டின்னா பெடலைத் தரை வரைக்கும் மிதிக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் வழக்கமா போகாத அந்தக் கடைசிப் பகுதியில துரு இருக்கும், ரப்பர் சீல் அங்க கிழியும். பெடலுக்கு அடியில ஒரு கட்டையை வச்சுக்கிட்டா போதும்.

செஷன் முடிஞ்ச கையோட ஹேண்ட்பிரேக் போடாதீங்க. கொதிக்கிற டிஸ்க்ல பேடு அழுந்தி உக்காந்தா, அந்த இடத்துல பேடு பொருள் ஒட்டிக்கும். அடுத்த நாள் ஹைவேயில பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு அதிர்வு வரும், டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு தேவையில்லாம கலங்குவீங்க. கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைங்க. வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்குற ஸ்பானர்) வச்சுப் பார்க்கிறதும் ஆறினதுக்கு அப்புறம்தான். ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும், ராத்திரி கிளம்புறதுக்கு முன்னாடியும் பாருங்க. அலாய் வீல் சூடாகி ஆறி, சூடாகி ஆறி நட்டோட பிடி தளரும்.

பெட்ரோல் விஷயம் ரெண்டே வரி. டேங்க் கால் பாகத்துக்குக் கீழ இருந்தா வளைவுல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப்புக்குக் கிடைக்காது, எஞ்சின் விக்கும். அரை டேங்க் போட்டுக்கிட்டு டிராக்குக்கு வாங்க. எஞ்சின் ஆயிலை ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடுறப்பவும் பாருங்க, நாலு லிட்டர் கையில இருக்கட்டும்.

இனி சாமான். டிராக்ல இறங்குறதுக்கு முன்னாடி காருக்குள்ள கழண்டு கிடக்கிறது எதுவும் இருக்கக் கூடாது. ஃப்ளோர் மேட் உட்பட, ஏன்னா அது நழுவி பிரேக் பெடலுக்கு அடியில போகும். அப்போ ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மொத்தக் காரையும் காலி பண்ணி, திரும்ப ஏத்தணும். மூடி போட்ட ரெண்டு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு தார்ப்பாய், ஒரு கயிறு இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடியும். திறந்த பைகள்ல கொண்டு வந்தவங்க மழை நாள்ல ஈரத்துணியோட அடுத்த டிராக்குக்குப் போவாங்க. ஜாக்கி, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஒரு செட் பேடு, பஞ்சர் கிட், டேப், ஜிப் டை. இதுக்கு மேல எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு காரணம் சொல்லத் தெரியணும்.

(திரையில்: ஒரு டிராக்கின் வரைபடம். மூன்று வளைவுகள் மட்டும் சிவப்பில்.)

டிராக்ல பயிற்சின்னு தனியா எதுவும் இல்லை. ரீகான் லேப் ஒண்ணுதான். அதனால ராத்திரி தங்குற இடத்துல, உங்க காருக்குக் கிட்டத்தட்ட வேகத்துல இருக்கிற ஒரு கார்ல எடுத்த வீடியோவைப் பாருங்க. எல்லா வளைவையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். நீண்ட நேர்ப்பாதை முடிவுல வர்ற வளைவு, அடுத்த நேர்ப்பாதைக்குள்ள விடுற வளைவு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கிற வளைவு. இந்த மூணு வகை தெரிஞ்சா போதும். ரீகான் லேப்ல பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு அடையாளம் தேடுங்க, போர்டோ தார் ஒட்டோ எதுவா இருந்தாலும் சரி. நிழலை அடையாளமா வைக்காதீங்க. மதியச் செஷன்ல அது நகர்ந்திருக்கும்.

நேரக்கணக்குல ஓடுற முதல் லேப்லயே எல்லாத்தையும் காட்டணும்னு நினைக்கிறவங்கதான் புல்லுல போய் நிப்பாங்க. மூணு லேப்போட கூட்டுத்தொகைதான் கணக்குங்கிறதால, ஒரு தடவை வெளிய போனா மீதி ரெண்டு லேப்ல அதை மீட்கவே முடியாது. நின்ன இடத்துல இருந்து கிளம்புறதுலயும் கிளட்ச்சைக் கொல்லாதீங்க. அதுல கிடைக்கிறது அரை விநாடி. கிளட்ச் போனா, மாத்துறதுக்கு இந்த வாரத்துல நேரமே இல்லை.

கடைசியா தூக்கம். மதியம் மூணு, நாலு மணிக்கு டிராக்கை விட்டா, சில நாள் சென்னையில இருந்து கன்னியாகுமரி போற தூரம் முன்னாடி நிக்கும். ரெண்டு பேர்ல யார் நாளைக்குக் காலையில டிராக்ல ஓட்டப் போறாங்களோ, அவங்க அன்னைக்கு ராத்திரி பக்கத்து சீட்ல தூங்கணும். இதை வீட்லயே பேசி எழுதி வச்சுக்கங்க. களைச்சுப் போன நேரத்துல பேசினா ரெண்டு பேருமே "நான் ஓட்டுறேன், நீ தூங்கு"ம்பாங்க, ரெண்டு பேருமே தூங்க மாட்டாங்க. ராத்திரியில மான்கள் ரோட்டைக் குறுக்க கடக்கிற பகுதிகள் இந்த வழியில நிறைய. சாலை ஓரத்துல ஒரு ஜோடி கண்ணு மின்னிச்சுன்னா வேகத்தைக் குறைங்க, பின்னாடியே இன்னொண்ணு வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் படிங்க. நேரம் பார்த்து ஓட்டுற போட்டியைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் சேர்த்துக்காது.

எட்டாவது நாள் காய்ஞ்ச ஸ்கிட்பேட் முடிஞ்சதும் எல்லாரும் பரிசு நிகழ்ச்சிக்குப் போயிருவாங்க. உங்க வீடு இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஸ்டியரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பி, முன் டயரோட உள்விளிம்பை டார்ச் அடிச்சுப் பாருங்க. பள்ளத்துல 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ வந்திருந்தா, அங்கேயே புது டயர் மாட்டிக்கிட்டு கிளம்புங்க.