வேலி தாண்டிய விதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சுதந்திர வர்த்தக மண்டலம் நகரத்தின் பசுமைத் தொழில்நுட்பத்தை வளர்க்கிறதா, வெறும் தொழிற்சாலைகளைக் கூட்டுகிறதா என்பது இன்றைய தலைப்பு. வளர்க்கிறது என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "வரியைக் குறைத்தால் வெளிநாட்டு நிறுவனம் வரும், வண்டியைப் பூட்டி விற்கும். ஊருக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். சீனாவின் ஷாங்காயை வைத்தே பதில் சொல்கிறேன்.

2013 செப்டம்பர் 29 அன்று 28.78 சதுர கிலோமீட்டரில் அங்கே மண்டலம் திறந்தார்கள். நம் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் போல ஏற்றுமதிக்கு வரிச்சலுகை தரும் இடம் என்று மட்டும் அதை எண்ணிவிடக் கூடாது. அதன் உயிர்நாடி 'எதிர்மறைப் பட்டியல்'. அதுவரை அந்நிய முதலீடு ஒவ்வொன்றுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். மண்டலத்திலோ, பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் கட்டுப்பாடு. மற்றவற்றைப் பதிவு செய்துவிட்டுத் தொடங்கலாம். 2013இல் 190 இனங்கள் இருந்த பட்டியல், 2015இல் 122 ஆனது. அங்கே சோதித்த முறை பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. மின்வாகனத் தயாரிப்பில் அந்நியப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு நீங்கியதும் 2018ஆம் ஆண்டின் தேசியப் பட்டியலில்தான்.

பாதிப் பங்கை உள்ளூர்க் கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டும் என்றால் எந்த நிறுவனமும் தன் புதிய நுட்பத்தைக் கொண்டுவரத் தயங்கும். வரம்பு நீங்கியதும், 2018 ஜூலையில் அமெரிக்க மின்கார் நிறுவனமான டெஸ்லா, தொழிற்சாலை அமைக்க ஷாங்காய் நகருடன் ஒப்பந்தம் செய்தது. 2019 ஜனவரியில் ஷாங்காயின் லிங்காங் பகுதியில் கட்டுமானம் தொடங்கியது. ஆகஸ்டில் லிங்காங்கும் மண்டலத்துக்குள் சேர்ந்தது. டிசம்பர் இறுதியில் அங்கே செய்த முதல் கார்கள் வாங்கியவர் கைக்கு வந்தன.

நண்பர் கேட்ட மிச்சம் இதற்குப் பிறகுதான் வருகிறது. தொடக்கத்தில் உள்நாட்டுப் பாகங்கள் சுமார் 30 சதவீதம். சில ஆண்டுகளில் 95 சதவீதத்தைத் தாண்டின. காரின் பின்பக்க அடிச்சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 70 துண்டுகளைப் பற்றவைத்துச் செய்ததை, 6,000 டன் அழுத்த எந்திரத்தில் ஒரே அலுமினிய வார்ப்பாக எடுத்தார்கள். உருகிய உலோகம் நொடிக்கும் குறைவான நேரத்தில் அச்சை நிரப்ப வேண்டும். தாமதித்தால் மெல்லிய சுவர் நிரம்பும் முன்பே உறையும். காற்று சிக்கினால் உள்ளே குமிழி. வழக்கமான வார்ப்பை 500 டிகிரி அளவில் சூடாக்கித் தணித்து வலுவேற்றுவார்கள். இவ்வளவு பெரிய வார்ப்பை அப்படிச் செய்தால் கோணிப்போகும், குமிழிகள் உப்பிவிடும். ஆகவே உலையில் ஏற்றாமலே வலுவாக நிற்கும் அலுமினியக் கலவை தேவைப்பட்டது. அது கிடைத்தால் அந்த உலைக்கான எரிசக்தியும் மிச்சம். 2021இல் அப்படியொரு கலவையைச் சோதித்துத் தேர்ந்ததாக அறிவித்தது யார்? அதே ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட போட்டி மின்கார் நிறுவனம் நியோ!

"காப்புரிமை எண்ணிக்கை வெறும் காகிதம்" என்றும் எதிரணி சொன்னது. ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். சீனாவில் 'பயன்பாட்டு மாதிரி' உரிமை ஆழமான ஆய்வின்றியே கிடைக்கிறது, ஆயுளும் 10 ஆண்டுதான். அதைக் கழித்துவிட்டு, ஆய்வுக்குப் பின் 20 ஆண்டுக்குக் கிடைக்கும் கண்டுபிடிப்பு உரிமைகளை மட்டும், எவை பசுமை நுட்பங்கள் என்று வகுத்துக் காட்டும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பசுமை வகைப்பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள்.

"வளர்ந்த நகருக்குத்தான் மண்டலம் கொடுத்தார்கள், வளர்ச்சி முன்பே இருந்தது" என்பது அவர்களின் வலுவான வாதம். இதைச் சோதிக்க வழி உண்டு. மண்டலங்கள் ஒரே நாளில் வரவில்லை: 2015இல் குவாங்டொங், தியான்ஜின், ஃபூஜியான், 2017இல் மேலும் ஏழு. முதலில், மண்டலம் பெற்ற நகரும் பெறாத நகரும் முந்தைய ஆண்டுகளில் பசுமைக் காப்புரிமை எண்ணிக்கையில் ஒரே போக்கில் இருந்தனவா என்று பாருங்கள். அதன்பின், திறந்த ஆண்டுக்குப் பிறகு இடைவெளி எவ்வளவு விரிந்தது என்று அளந்து பாருங்கள். ஏற்கெனவே வளர்ந்த நகர் என்பதே காரணமானால், இடைவெளி ஒவ்வொரு தொகுதியிலும் அதனதன் திறப்பு ஆண்டுக்குப் பிறகு மட்டும் விரியக் காரணமில்லை. அடுத்துப் பேசும் எதிரணி நண்பர் அந்த ஆண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு பேசட்டும்.