அம்மையார் ஏறினால் நிற்கும் வண்டி

நேயர்களுக்கு என் வணக்கம்.

அட்லாண்டாவுக்குத் தெற்கே இருக்கும் பீச்ட்ரீ சிட்டியில் நான் கோல்ஃப் வண்டிகளைப் பழுதுபார்க்கிறேன். அந்த ஊரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே கோல்ஃப் வண்டிக்கென்றே 100 மைலுக்கும் மேல் தனிப் பாதைகள் இருக்கின்றன. காய்கறி வாங்கவும் அந்த வண்டிதான், மருத்துவரைப் பார்க்கவும் அந்த வண்டிதான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கூட அதில்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வண்டி நடுவழியில் நின்றால், பெரும்பாலும் முதியவர் ஒருவர் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறார் என்று பொருள். அதனால்தான் இந்தக் கோளாற்றைப் பற்றிப் பேச அழைத்ததும் உடனே ஒப்புக்கொண்டேன்.

இன்று பேசப்போவது பெட்ரோல் வண்டியைப் பற்றி. இங்கே கேஸ் வண்டி என்பார்கள். சமையல் எரிவாயுவோடு குழம்பிவிடும் என்பதால் நான் பெட்ரோல் என்றே சொல்கிறேன்.

சென்ற கோடையில் ஓய்வு பெற்ற தம்பதி ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார்கள். கணவர் தனியாக ஓட்டினால் நாள் முழுக்க ஓடுகிறது. மனைவி பக்கத்தில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் தானாகவே கிளம்புகிறது. வேறோர் இடத்தில் பிளக்கை மாற்றினார்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே புதிதாகப் போட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் அந்த அம்மையார் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

இந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடத் தொடங்கும், நீங்கள் அணைக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பெட்ரோல் கோல்ஃப் வண்டிகளில் அப்படி இல்லை. மிதியை அழுத்தினால் ஒரு சிறிய சுவிட்ச் தொடுகிறது, ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான சாலினாய்டு டக்கென்று இழுக்கிறது, ஸ்டார்ட்டர் பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றுகிறது. மிதியை விட்டால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. நிற்கும் இடத்திலெல்லாம் அணைந்து, கிளம்பும் இடத்திலெல்லாம் புதிதாகப் பிறக்கிற எஞ்சின் அது. ஆகவே அந்த மிதி சுவிட்ச், ஒயர் முனைகள், மின்சாரம் வண்டியின் அடிச்சட்டம் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பு எல்லாம் காரில் உழைப்பதைவிடப் பல மடங்கு உழைக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. பல வண்டிகளில் எஞ்சின் பின்னச்சோடு சேர்ந்தே ஏறி இறங்கும். பள்ளத்தில் விழுந்தாலும், ஆள் ஏறினாலும், எஞ்சினுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஓடும் ஒயர்கள் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு வரும் கோளாறு பட்டறைக்குள் வந்ததும் ஒளிந்துகொள்ளும். எனவே பொருளை மாற்றுவதற்கு முன் அது வெளியே வரும் சூழ்நிலையை நாமே உண்டாக்க வேண்டும். இருவரையும் முன்னால் உட்காரவைத்து நான் பின்னால் தொற்றிக்கொண்டு பாதையில் போனோம். பைன் மரத்தின் வேர் தாரைப் பிளந்து மேடாக்கியிருந்த ஓர் இடத்தில் வண்டி குலுங்கியது, எஞ்சின் நின்றது.

நின்ற விதம்தான் முக்கியம். பெட்ரோல் போதாமல் நிற்கும் எஞ்சின் இருமும், தடுமாறும், வேகம் தளர்ந்து சாகும். அந்த நேரத்தில் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் சற்று உயிர் வரும். தீப்பொறி அறுந்தால் விளக்கை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் நிற்கும். திரும்ப வரும்போது, எரியாமல் சைலன்சரில் தங்கிய பெட்ரோல் பட்டென்று வெடிப்பதும் உண்டு. எங்கள் வண்டி ஒரே கணத்தில் நின்றது. கார்புரேட்டருக்குக் கொடுத்த பணம் வீண் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இனி ஒயருக்கு வருவோம். இவ்வகை எஞ்சின்களில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மிதி சுவிட்சுக்குப் போகிறது. கில் ஒயர் என்பார்கள். அது எர்த்தைத் தொட்டால் தீப்பொறி நின்றுவிடும். மிதியை விட்டதும் எஞ்சின் அணைவது அதனால்தான். நடுவழியில் அந்த ஒயரின் தோல் உரிந்து சட்டத்தில் பட்டாலும் எஞ்சினுக்கு அதே கட்டளைதான் போகிறது.

எஞ்சினை அணைத்து, கில் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றினேன். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில், அதாவது இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்வழி இருந்தால் பீப் என்று கத்தும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையைச் சட்டத்திலும் மாட்டினேன். எதிலும் சேராமல் கிடக்கும் ஒயர், மீட்டர் பேசக்கூடாது. பேசவில்லை. கணவரை உட்காரச் சொன்னேன். அமைதி. அம்மையாரை அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஏறி அமர்ந்ததும் மீட்டர் பீப் என்று கத்தியது. எழுந்தார், நின்றது. உட்கார்ந்தார், கத்தியது.

இருக்கையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒயர் கட்டைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. சட்டத்தின் விளிம்பில் நகக்கண் அளவு இடம் துருவே இல்லாமல் வெள்ளியாக மின்னியது. அதற்கு நேர் எதிரே ஒயரின் தோல் தேய்ந்து, செம்பு இழைகள் இரண்டு மூன்று எட்டிப் பார்த்தன. இருவர் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது மட்டும் அவை இரும்பைத் தொட்டிருக்கின்றன.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கில் ஒயரைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். மிதியை விட்டாலும் அது நிற்காது. ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும் என்றால், பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டு, தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லா வண்டியிலும் ஒயர்தான் குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். இருபது நிமிடம் ஓடி, சூடேறி நின்று, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால், காயிலைச் சந்தேகியுங்கள். உள்ளே முடிபோன்ற கம்பி எங்கோ விட்டிருக்கும். குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பிரியும். குளிர்ந்த காயிலின் மின்தடையை அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கிக்கொண்டே அளக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். ஆக, 60 டிகிரி ஏறினால் நல்ல காயிலிலும் கால் பங்கு அளவுக்கு எண் உயரும். அதைக் கண்டு நல்ல காயிலைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது. எண் திடீரென்று எங்கோ பறந்துபோனால்தான் காயில் போய்விட்டது.

பெட்ரோல் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் சற்று நேரம் ஓடி நிற்கும். அங்கே மூடியைத் திறந்து மூடினால் வண்டி கிளம்பிவிடும். பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. காயிலைத் தொடும் முன் அதைப் பாருங்கள்.

அந்தத் தம்பதியின் வண்டிக்குப் புதிய ஒயர் துண்டு, அதன் மேல் ஓர் உறை, இரண்டு கிளிப். வேறெதுவும் மாற்றவில்லை. மறுபடி மூவரும் அதே பைன் வேர் மேட்டுக்குப் போனோம். மூன்று முறை ஏறி இறங்கினோம், எஞ்சின் நிற்கவில்லை. நான்காவது முறை அந்த அம்மையார் கணவரை நகரச் சொல்லிவிட்டு, தானே ஓட்டினார்.