பெங்களூரில் மறுபடியும் தாளைப் புரட்டலாம், வாங்க

வணக்கம் நண்பர்களே. கப்பன் பார்க்கில் இருந்து பேசுகிறேன். அங்கே மரத்தடியில் விரிப்புகள் தெரிகிறதா? எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2023-இல் இருந்து சனிக்கிழமைகளில் இங்கே இப்படிக் கூடுகிறார்கள். பேச்சு கிடையாது, விவாதம் கிடையாது. அவரவர் புத்தகம், அவரவர் நிழல். தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு தள்ளி நின்று பேசுகிறேன்.

ரொம்ப காலம் போனில்தான் படித்துக்கொண்டிருந்தேன். நாலு பத்தி தாண்டுவதற்குள் ஆபீஸ் மெசேஜ் ஒன்று மேலே வந்து எட்டிப் பார்க்கும். அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பியதும் கிடைத்த முதல் சந்தோஷம், ஓர் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுந்திருப்பதுதான். அந்தச் சுகத்தையே மறந்திருந்தேன்.

தாளில் படித்தால் நன்றாகப் புரியும் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சொல்லும் எழுத்தில் தாள்தான் முந்தியது, அதுவும் நேரம் குறைவாக இருக்கும்போது. கதையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 2019-இல் நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் குழுவினர் 50 பேரிடம் ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிண்டில் என்ற மின்நூல் கருவி, பாதிப் பேருக்குப் புத்தகம். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் புத்தகம் படித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. இடது கையில் படித்த பக்கங்கள் கனத்துக்கொண்டே போகும், வலது கையில் குறைந்துகொண்டே வரும். அந்தச் சண்டைக் காட்சி இடப்பக்கத்தில் மேலே இருந்தது என்று கண்ணுக்கே ஞாபகம் இருக்கும். கதைக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

சரி, தமிழ்ப் புத்தகத்துக்கு இங்கே எங்கே போவது? அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அதில் நூலகமும் இருக்கிறது. ஆங்கிலமும் படிப்பவர்களுக்குச் சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள். இந்தப் பூங்காவுக்குள்ளேயே சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது, திவான் சேஷாத்ரி ஐயர் நினைவாகக் கட்டிய மண்டபம் அது. ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆனால் நான் அதிகம் ஆசைப்படுவது வேறு ஒன்றுக்கு. பைண்டு! வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வைத்த வீடுகள் எத்தனை! மணியம், கோபுலு வரைந்த படங்கள் அதில் வந்த இடத்திலேயே இருக்கும். அதே கதை பிறகு தனி நூலாக வரும்போது பல பதிப்புகளில் படங்களே இருக்காது. ஓரத்தில் அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரம், அடியில் 'தொடரும்', கூடவே பாட்டி பென்சிலில் போட்ட அடையாளம். இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கதையை அவர்கள் படித்த அனுபவம். அதை எந்தத் திரையும் எனக்குத் தரவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது பரணில் பாருங்கள், அத்தை, பெரியப்பா வீடுகளிலும் கேளுங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகும் முன்னால் எடுத்து வந்துவிடுங்கள். தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், ஈரத்துணி வேண்டாம். தாள் மொரமொரப்பாக இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், முழுதாக விரிக்காமல் பாதி திறந்து படியுங்கள். முதுகுப் பக்கம் அழுத்தினால் தையல் விட்டுவிடும்.

சனிக்கிழமை இங்கே வருவதானால் மெட்ரோவில் வாருங்கள், கப்பன் பார்க் என்றே நிலையம் இருக்கிறது. ஒரு விரிப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும். போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம், கேமராவை அணைத்துவிட்டு நானும் படிக்கப் போகிறேன்.