அந்த போட்டோ இன்னும் 20 வீட்டுல இருக்கணும்

வணக்கங்க. ரேடியோல போட்டோவ காட்ட முடியாது, அதனால நான் பேச வந்த படத்துல என்ன இருக்குன்னு முதல்ல சொல்லிடுறேன், நீங்க மனசுல வரைஞ்சுக்குங்க. தடி அட்டையில ஒட்டின கறுப்பு வெள்ளை படம். மூணு வரிசை. தரையில சம்மணம் போட்டு 5 பேர், நடுவுல நாற்காலியில 7 பேர், பின்னாடி பெஞ்சு மேல ஏறி நிக்கிறவங்க 9 பேர். நடு நாற்காலியில கழுத்து நிறைய மாலையோட ஒரு பெரியவர், அன்னைக்கு அவருக்கு ரிட்டயர்மெண்ட். பின் வரிசையில இடது பக்கத்துலேர்ந்து நாலாவது ஆளு எங்க நைனா, எண்ணெய் வச்சு படிய வாரின முடி, எவர்கிட்டயோ வாங்கி போட்ட கோட்டு, தோள்பட்டை கொஞ்சம் பெருசா தொங்குது.

ஊரு கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப். எங்க லைன் வீட்டுல கதவுக்கு மேல ஆணியடிச்சு மாட்டியிருந்த படம் இது. தினம் இதுக்கு கீழதான் ஸ்கூலுக்கு போனேன் வந்தேன், ஆனா நைனா உயிரோட இருந்த வரைக்கும் பக்கத்துல நிக்கிறது யாருன்னு ஒரு தடவ கூட கேக்கல. அவரு போன அப்புறம் படத்த இறக்கி தூசு தட்டினப்போதான் எண்ணிப் பாத்தேன், 21 பேர்ல எனக்கு பேர் தெரிஞ்சது 2 பேர்.

எங்க ஊர் வரலாறுன்னு கேட்டா தேதியெல்லாம் வரிசையா கிடைக்கும். 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902ல சிவசமுத்திரத்துலேர்ந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கரண்ட் கொண்டு வந்தது, 1956ல மைசூர் அரசாங்கம் எடுத்துக்கிட்டது, 2001 பிப்ரவரி 28 அன்னைக்கு சுரங்கத்த மூடினது. எத்தனை டன் தங்கம், எத்தனை அடி ஆழம், எல்லாம் இருக்கு. ஆனா வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பக்கத்துலேர்ந்து வந்து தலமுறை தலமுறையா கேஜ்ல, அதான் சுரங்கத்துக்குள்ள ஆளுங்கள இறக்குற கூண்டு லிஃப்ட்டுல, இறங்கினாங்களே, அவங்க யாரு? 1930ல தொழிலாளிங்க எல்லாரும் கைரேகை வைக்கணும்னு கம்பெனி சொல்லி, நாங்க என்ன குத்தவாளிங்களான்னு ஊரே வேலைக்கு போகாம நின்னுச்சு. ரேகையும் நம்பரும்தான் கம்பெனிக்கு வேண்டியிருந்தது. அதே மனுசன் தன் முகத்தோட, நல்ல துணி போட்டுக்கிட்டு, கூட வேலை செஞ்சவன் தோளோட தோள் உரசி நிக்கிறது இந்த குரூப் போட்டோவுல மட்டும்தாங்க. அதனாலதான் நான் இத விடமாட்டேங்குறேன்.

அதுக்கப்புறம் ஊரிகம், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டைன்னு வீடு வீடா போய் கேக்க ஆரம்பிச்சேன். எத்தனை விதமான குரூப் போட்டோங்க! யூனியன் கமிட்டி, நாடகக் குழு, சர்ச்சுல பாடுற கோயர், ஆஸ்பத்திரி நர்சுங்க, எஸ்.எஸ்.எல்.சி பேட்ச். ஃபுட்பால் டீம் படம்னா முதல்ல பந்தப் பாருங்க, பந்து மேல சுண்ணாம்புல வருசம் எழுதியிருப்பாங்க, அந்த ஒரு எண்ண வச்சே மத்த அஞ்சாறு படத்துக்கு வருசம் பிடிச்சிடலாம், ஏன்னா அதே பையன் அங்க மீசை இல்லாம நிப்பான் இங்க மீசையோட உக்காந்திருப்பான். யாரு உக்காந்திருக்காங்க யாரு நிக்கிறாங்க, யாரு காலுல ஷூ இருக்கு யாரு வெறுங்காலு, இதெல்லாம் எந்த புஸ்தகத்துலயும் வராது.

1965ல எங்க சாம்பியன் ரீஃப் சுரங்கத்துலதான், 2 கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல, காத்து மண்டலத்துலேர்ந்து வர்ற நியூட்ரினோங்குற, கண்ணுக்கே தெரியாத ரொம்பச் சின்னத் துகள உலகத்துலயே முதல் தடவையா பிடிச்ச ஆராய்ச்சிகள்ல ஒண்ணு நடந்தது. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிங்க பேரெல்லாம் கட்டுரையில பத்திரமா இருக்கு, இருக்கணும். அந்த கருவிய கேஜ்ல இறக்கி சூட்டுல வேர்த்துக்கிட்டே தூக்கிட்டுப் போன ஆளுங்க பேரு வேணும்னா நம்ம லைன் வீட்டு சுவத்துலதான் தேடணும்.

பேரு சேக்குறதுக்கு நான் பண்றது ரொம்ப சாதாரண வேலை. படத்த பெரிசா பிரிண்ட் போட்டு அது மேல டிரேசிங் பேப்பர் வச்சு ஒவ்வொரு தலையையும் சுத்தி வரைஞ்சு நம்பர் போட்டுடுவேன், அப்புறம் பெரியவங்க கையில குடுத்துட்டு போன்ல ரெக்கார்டிங் ஆன் பண்ணிட்டு சும்மா இருந்துடணும், நடுவுல பேசக்கூடாது. ஆண்டர்சன்பேட்டையில ஒரு ஆயா கண்ணு கிட்ட வச்சு வச்சு பாத்துட்டு விரலால தொட்டு தொட்டு 7 பேர சொன்னாங்க, பேரா இல்ல, "இவன் மேஸ்திரி மவன், இது டிம்பர் வேலை செஞ்சவன், இவன் ஏர் பிளாஸ்ட்ல போயிட்டான், பொண்டாட்டி அப்ப முழுகாம இருந்தா". ஏர் பிளாஸ்ட்னா பூமிக்கடியில பாறை அழுத்தம் தாங்காம வெடிச்சு சிதறுறது. அந்த முகத்துக்கு மேல விரல அவங்க எடுக்கவே இல்ல. ரெண்டு பேரு ரெண்டு விதமா பேர் சொன்னா ரெண்டையும் எழுதிக்குங்க, நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

படம் உங்க வீட்டுல இருந்தா ஒண்ணு ரெண்டு சொல்லிக்கிறேன். கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னா பிச்சு எடுக்காதீங்க, முகம் கண்ணாடியோட போயிடும், அப்படியே வச்சு ஸ்கேன் எடுங்க. லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், நான் ஆசையா ஒரு கடையில குடுத்து ஒரு படத்த இழந்திருக்கேன், சூடு பட்டு ஒட்டினத திரும்பப் பிரிக்க வழியே இல்ல. பின்னாடி எழுதறதா இருந்தா பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மெத்துன்னு எழுதுற பென்சில். ஸ்கேன் 600 டிபிஐ வைங்க, அட்டையோட ஓரத்தையும் சேத்து, பின்பக்கத்தையும் எடுங்க, ஸ்டுடியோ முத்திரை அங்கதான் இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா முகமெல்லாம் கரைஞ்சு போயிடும்.

நைனா படத்துல இப்போ 14 பேருக்கு பேர் இருக்கு. இன்னும் 7 பேர். எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் ஒண்ணு உறைச்சது, குரூப் போட்டோன்னா ஒரு காப்பி போட மாட்டாங்களே, நின்ன ஒவ்வொருத்தரும் காசு குடுத்து ஒண்ணு வாங்கியிருப்பாங்க. சுரங்கம் மூடினப்போ பெங்களூரு, வேலூர், சென்னைன்னு எங்க ஜனங்க போனப்போ பொட்டியில அந்த படமும் கூடப் போயிருக்கும். அதுல ஏதோ ஒண்ணுக்கு பின்னாடி எழுதத் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் 21 பேரையும் வரிசையா எழுதி வச்சிருக்கலாம். பின் வரிசையில வலது ஓரம், சட்டைக் கை மேலயே வாட்ச் கட்டிக்கிட்டு ஒரு இளவட்டம், கேமரா கிளிக் ஆகுறப்போ தலைய திருப்பிட்டாரு, முகம் லேசா கலங்கி இருக்கு. உங்க வீட்டுல பரண்ல, ட்ரங்குப் பொட்டியில, தாத்தா படத்துக்குப் பின்னாடி அந்த மாதிரி ஒரு அட்டை இருந்தா தயவுசெஞ்சு ஒரு தடவ திருப்பிப் பாருங்க.