ஓ.பி. சீட்டில் இன்னும் இரண்டு வரி

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ பணிகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களே, மாதந்தோறும் இந்தக் கூடத்தைத் திறந்துவிடும் நூலகர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கட்டிப்போட்ட எலும்பு மூட்டு மருத்துவர் அவர்களே, தமிழ்த்துறைப் பேராசிரியர் அம்மையார் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றபடியே கேட்கும் செவிலியர் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இணை இயக்குநர் ஐயா கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, முடிவில் வைக்கிறேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். இந்தப் பழமொழியை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்தருள வேண்டும். நான்கு செய்திகள் பேச வந்தேன். வலியும் உணர்ச்சியும் ஏன் சேர்ந்தே வருகின்றன, தன் உணர்ச்சியை எப்படிக் கண்டுகொள்வது, அடுத்தவர் வலியை எப்படிப் புரிந்துகொள்வது, தூக்கத்துக்கு இதில் என்ன பங்கு.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். பெரும்பாலான காயங்கள் அதற்குள் ஆறிவிடும். ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாய மணியை அடித்துக்கொண்டே இருப்பதுண்டு. மூட்டுத் தேய்மானம் போலக் காரணம் தொடர்கிற வலியும் உண்டு. அதையும் பயமும் கோபமும் கூட்டிவிடும். வலி என்பது புலன் அனுபவம் மட்டுமல்ல, உணர்ச்சி அனுபவமும்தான் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-லேயே வரையறுத்தது. 2020-ல் அந்த வரையறையைத் திருத்தியபோதும் உணர்ச்சியை வெளியே தள்ளவில்லை.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதிக்கிறார். குதித்த இடத்தில் ஓர் ஆணி. சின்ன ஆணி இல்லை ஐயா, 15 சென்டிமீட்டர்! பூட்ஸின் அடியில் ஏறி மேலே வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஆணி துளி அசைந்தாலும் அவருக்குத் தாங்க முடியவில்லை. ஃபென்டனில் கொடுத்தார்கள். சாதாரண மாத்திரை இல்லை, மார்ஃபின் குடும்பத்து மருந்து. மிடசோலாம் கொடுத்து மயக்கத்தில் வைத்தார்கள். கீழ்ப்பக்கமாக ஆணியை உருவினார்கள். பூட்ஸைக் கழற்றினார்கள். கழற்றிப் பார்த்தால்? ஒரு பொட்டு ரத்தம் இல்லை. ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவில் போயிருக்கிறது. காலில் ஒரு கீறல்கூட இல்லை!

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த மனிதர் நடிக்கவில்லை. கண் ஆணியைப் பார்த்தது, பயம் வந்தது, கால் போய்விட்டது என்று மூளை முடிவு கட்டியது. அந்த முடிவுதான் வலியாக வந்தது. அது முழுக்க முழுக்க உண்மையான வலி. அதனால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாத மனிதரைப் பார்த்து "எல்லாம் மனப்பிரமை" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்.

இரண்டாவது செய்தி. தன் உணர்ச்சி என்னவென்று கண்டுகொள்ளவும் சொல்லவும் திணறுகிற நிலையை 1970-களின் தொடக்கத்தில் அலெக்சிதைமியா என்று அழைத்தார் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர். 20 வாக்கியங்கள் கொண்ட டொரண்டோ அளவுகோலில் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த நிலை இருப்பதாகக் கணக்கு. நாள்பட்ட வலிக்காரர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கழுத்து இறுகுகிறது, வயிற்றைப் பிசைகிறது. அது பயமா கோபமா என்று பிடிபடாதபோது எல்லாமே வலிக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

உணர்ச்சியைக் கண்டுகொள்ளப் பழக ஒரு 40 பக்க நோட்டு போதும். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. வேளைக்கு நான்கு கட்டம்: வலி 0 முதல் 10 வரை எவ்வளவு, உடம்பில் எங்கே, அதற்கு முந்தைய அரைமணியில் என்ன நடந்தது, அப்போது உள்ளே இருந்த உணர்ச்சி எது. நாலாவது கட்டத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "டென்ஷன்" என்று எழுதிவிடுவார்கள். அல்லது "மருமகள் மதிக்கவில்லை" என்று எழுதுவார்கள். அது நடந்த சங்கதி, மூன்றாவது கட்டத்துக்குப் போக வேண்டியது. மதிக்காததால் உள்ளே எழுந்தது அவமானமா, ஆத்திரமா, கடைசிக் காலத்தில் தனியாகிவிடுவோமோ என்ற பயமா? பெயர் கிடைக்காதவர்கள் தொல்காப்பியர் சொன்ன எட்டையும் நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அம்மையார் தலையாட்டுகிறார்கள், நன்றி. மணிக்கொரு தரம் மதிப்பெண் போடாதீர்கள். வலியையே கவனித்துக்கொண்டிருந்தால் வலி கூடும்.

கால் மரத்து பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்தால், நோட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தலைவலிக்காக மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் சாதாரண வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரக்கூடும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; அரசின் டெலி மானஸ் சேவை அது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதெல்லாம் பலன் தருமா? 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் நாள்பட்ட வலியோடு இருந்த 126 முன்னாள் படைவீரர்களை, எல்லோரும் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், இரண்டாகப் பிரித்தார்கள். புதைந்த உணர்ச்சியை அடையாளம் கண்டு வெளிப்படுத்தப் பழக்கிய குழுவில் 63 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதமாவது குறைந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்ற குழுவில் அப்படிக் குறைந்தவர்கள் 17 சதவீதம். பெரும்பாலும் ஆண்கள், அதுவும் பட்டாளத்துக்காரர்கள். அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள்.

அடுத்தவர் வலிக்கு வருவோம். 2004-ல் லண்டனில் 16 ஜோடிகளை வைத்து ஒரு மூளைப் படச் சோதனை நடந்தது. துணைவர் கைக்கு மின் அதிர்ச்சி போகிறது என்று குறியீடு காட்டியதுமே, ஸ்கேனரில் படுத்திருந்த பெண்ணின் மூளையில் இன்சுலாவும் முன் சிங்குலேட்டும் விழித்தன. வலியின் வேதனைப் பக்கத்தைக் கவனிக்கும் பகுதிகள் அவை. எங்கே, எவ்வளவு என்று உணரும் புலன் பகுதி அசையவில்லை. ஆகவே தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதில் பாதி உண்மை. குத்து தெரியாது, துன்பம் தெரியும், கவனித்தால்.

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, "ஒன்றுமில்லை, எழுந்து வேலையைப் பார்." மற்றொன்று, தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடாமல் எல்லாவற்றையும் தாங்களே செய்வது. இரண்டாவது அன்புதான், ஆனால் அசையாத உடம்பு இன்னும் வலிக்கும். "இப்போது நான் என்ன செய்தால் தேவலை?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

இணை இயக்குநர் ஐயா, ஓ.பி. சீட்டில் இரண்டு வரி கூட்டி அச்சிட வேண்டும். "வலி எத்தனை மாதமாக?" "வலி வந்தபின் வீட்டிலும் வேலையிலும் என்ன மாறியது?" வரிசையில் நிற்கும்போதே செவிலியர் கேட்டு எழுதிவிடலாம், இரண்டு நிமிடம். கேட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் விட்டால் கேட்காததைவிட மோசம். ஆகவே மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் வாரம் ஒருநாள் எலும்பு சிகிச்சைப் பிரிவிலேயே உட்கார வேண்டும். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் நம் ஊரில் பாதிப்பேர் போகமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலித்தணிப்பு சிகிச்சையும் ஏற்கெனவே வீடு தேடிப் போகின்றன. அப்படிப் போகிறவர்களின் பையில் ஒரு நோட்டும் போகட்டும்.

அவையோரே, மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து போதும். செவிலியர் சகோதரிகள் முதலில் போடட்டும், சீட்டு எழுதப்போவது அவர்கள்தான். எல்லோரும் போட்டு முடித்ததும் ஐயா கையில் இங்கேயே கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.