மைக்கேல் கர்டிஸ்: ஸ்டுடியோ கொடுத்ததை எல்லாம் படமாக்கியவர்

[திரையில்: 'காசாபிளாங்கா', ரிக்கின் கஃபே]

இந்தக் காட்சியைக் கொஞ்சம் கவனியுங்கள். கஃபே முதலாளியான கதாநாயகன் ரிக் இன்னும் திரைக்கு வரவில்லை. முதலில் ஒரு கை மட்டும் ஒரு தாளில் 'ஓகே, ரிக்' என்று எழுதுகிறது. அப்புறம் ஒரு செஸ் பலகை, ஒரு கோப்பை, ஒரு சிகரெட். கேமரா மெதுவாக மேலே ஏறியபிறகுதான் ரிக்காக நடிக்கும் ஹம்ப்ரி போகார்ட்டின் முகம். வசனம் ஏதும் இல்லாமலே, இங்கே யார் வைத்தது சட்டம் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

இதை எடுத்தவர் மைக்கேல் கர்டிஸ். 1886-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஹங்கேரியிலும் வியன்னாவிலும் ஊமைப்படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவரை, 1926-ல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ ஹாலிவுட்டுக்கு வரவழைத்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேதான் வேலை. ஹாலிவுட்டில் மட்டும் சுமார் 100 படங்கள்!

[திரையில்: 1938-ன் போஸ்டர்கள்]

எப்படி முடிந்தது? அன்றைய ஸ்டுடியோவில் இயக்குநரும் மாதச் சம்பளக்காரர் மாதிரிதான். கதை, நடிகர், செட், எடிட்டிங் எல்லாமே கம்பெனியுடையது. ஒரு படம் முடியும்போதே அடுத்த ஸ்கிரிப்ட் கைக்கு வந்துவிடும். 1938-ல் மட்டும் கர்டிஸின் பெயரோடு 5 படங்கள் வெளிவந்தன. அவற்றில் இரண்டுக்கு, ஒரே ஆண்டில், சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை.

அதே ஆண்டின் 'ராபின் ஹூட்' படத்தை முதலில் எடுத்துக்கொண்டிருந்தவர் வில்லியம் கீலி. ஸ்டுடியோ அவரை மாற்றி கர்டிஸைப் போட்டது. கடைசி வாள்சண்டையில் எரால் ஃபிளின்னும் பேசில் ராத்போனும் ஃபிரேமை விட்டு விலக, அவர்களுடைய நிழல்கள் மட்டும் பெரிய தூணில் மோதிக்கொள்கின்றன. 'காசாபிளாங்கா'விலும் ரிக் பெட்டகத்தைத் திறக்கும்போது நாம் பார்ப்பது சுவரில் விழும் அவர் நிழலைத்தான். கர்டிஸுக்குத் தனி முத்திரை இல்லை என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதை கம்பெனியுடையதாக இருக்கலாம். இந்த நிழல் அவருடையது.

ஆனால் ஆள் கடுமையானவர். மதியச் சாப்பாட்டுக்குப் படப்பிடிப்பை நிறுத்துவதே அவருக்குப் பிடிக்காது. 1936-ல் 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' எடுத்தபோது, ஓடும் குதிரைகளைக் கம்பி கட்டித் தடுக்கி விழவைத்தார்கள். பல குதிரைகள் செத்தன. திறமையைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

'காசாபிளாங்கா' 1942 கோடையில் படமானபோது திரைக்கதை முழுசாக எழுதி முடிந்திருக்கவில்லை. கதாநாயகி கடைசியில் யாரோடு போவாள் என்பது அந்த வேடத்தில் நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கே தெரியாது. கடைசிக் காட்சியில் வரும் விமான நிலையம்கூட ஸ்டுடியோவுக்குள் போட்ட செட்தான். பின்னால் நிற்பது நிஜ விமானம் இல்லை, சின்னதாகச் செய்த மாடல். அது பெரிதாகத் தெரிய, பக்கத்தில் குள்ளமானவர்களை நிற்கவைத்து, பனிமூட்டமும் கிளப்பினார்கள். அந்தப் படம்தான் அவருக்கு ஆஸ்கரை வாங்கித் தந்தது.

[திரையில்: 'மில்ட்ரட் பியர்ஸ்', 1945]

சரி, 'காசாபிளாங்கா'வை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களா? அடுத்து கர்டிஸின் 'மில்ட்ரட் பியர்ஸ்' பாருங்கள். ஜோன் கிராஃபோர்டுக்கு ஆஸ்கர் கிடைத்த படம். ஆரம்பமே துப்பாக்கிச் சத்தம்தான்.