விடியற்காலைக் கனவும் அரை மைல் காகிதமும்

(காட்சி: இருட்டு அறை. கொசுவலைக்குள் தூங்கும் சிறுவன். கேமரா மெல்ல அவன் முகத்துக்கு அருகில் போகிறது.)

வணக்கம். இவன் என் அக்கா மகன், வயது எட்டு. பேராக்கில் சுங்கை சிப்புட், எங்கள் வீடு, காலை ஐந்தரை மணி. இங்கே ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், அதனால் இன்னும் நல்ல இருட்டு.

அவன் கண்ணைப் பாருங்கள். இமை மூடித்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே ஏதோ கோலிக்குண்டு உருள்கிற மாதிரி இடமும் வலமுமாக ஓடுகிறது, நிற்கிறது, மறுபடியும் ஓடுகிறது. மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவே இல்லை. அவ்வளவு நல்ல தூக்கம்.

பிள்ளை தூங்கும்போது கண் உருள்வதைப் பார்க்காத தாய் உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் அது என்ன என்று இரவு முழுக்க உட்கார்ந்து அளந்து பார்த்தவர் யூஜின் அசெரின்ஸ்கி. அவர் பார்த்ததும் தன் எட்டு வயது மகனைத்தான்.

(காட்சி: சிகாகோ பல்கலைக்கழகத்தின் பழைய கல் கட்டடம். பனி.)

1951 டிசம்பர். அசெரின்ஸ்கிக்கு முப்பது வயது. குடும்பஸ்தர், கையில் காசில்லை, பட்டமும் இன்னும் வாங்கவில்லை. அவருடைய பேராசிரியர் நத்தானியல் கிளைட்மேன், தூக்கத்தையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவர் முதலில் கொடுத்த வேலை, தூங்கப்போகும் கைக்குழந்தைகளின் கண்ணைக் கவனிப்பது. நாள் கணக்கில் தொட்டில் ஓரமாக உட்காரும் வேலை. அலுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கேதான் அவர் ஒன்றைக் கண்டார். தூங்கும் குழந்தையின் கண் சில நேரம் அசைகிறது, சில நேரம் இருபது நிமிடம் போல அசையாமல் கிடக்கிறது. பெரியவர்களுக்கும் இப்படி இருக்குமா?

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பலருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. தூங்கினால் மூளை அடங்கிவிடும், விளக்கை அணைத்த மாதிரி, அவ்வளவுதான் என்று இருந்தார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய மூளை அலைப் பதிவு இயந்திரத்தை அசெரின்ஸ்கி இழுத்து வந்தார். மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் கம்பிகளை ஒட்டிப் படுக்க வைத்தார். பக்கத்து அறையில் பேனாமுனைகள் காகிதத்தில் கோடு இழுக்க, இவர் விழித்திருந்தார். ஒரு இரவுக்கு அரை மைல் நீளக் காகிதம்!

(காட்சி: ஓடும் காகிதச் சுருள். அமைதியான அலைகள் திடீரென நெருக்கமான கிறுக்கலாக மாறுகின்றன.)

பையன் தூங்கினான். அலைகள் பெரிதாகி, மெதுவாகின. அப்புறம் திடீரென்று பேனாக்கள் படபடவென்று துடித்தன. விழித்திருக்கும் ஒருவன் சுற்றிப் பார்த்தால் எப்படிப் பதிவாகுமோ அப்படியே. பையன் எழுந்துவிட்டான் என்றுதான் அப்பா நினைத்தார். அறைக்குள் போய்ப் பார்த்தால் அயர்ந்த தூக்கம்.

இயந்திரம் கெட்டுப்போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். பழைய இயந்திரம்தானே. சோதித்தார், தெரிந்தவர்களைக் கேட்டார், இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பதிவு செய்தார். இரண்டும் ஒன்றாகவே ஓடின. இயந்திரத்தில் கோளாறு இல்லை. கிளைட்மேனும் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, தன் சொந்த மகளையே படுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். 1953 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. இன்றைக்கு நாம் விரைவிழி அசைவுத் தூக்கம், ரெம் தூக்கம் என்று சொல்வது இதைத்தான். அதோடு அசெரின்ஸ்கி சிகாகோவை விட்டுப் போய்விட்டார். அடுத்த வேலை சால்மன் மீனுக்கு மின்சாரம் பட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது! வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே.

விட்ட இடத்தில் பிடித்தவர் வில்லியம் டிமென்ட் என்ற மருத்துவ மாணவர். ஒன்பது பேரைத் தூங்க வைத்து, நடு இரவில் எழுப்பி எழுப்பிக் கேட்டார். 1957இல் கிளைட்மேனோடு சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது: கண் ஓடும்போது 191 தடவை எழுப்பியதில் 152 தடவை கனவு சொன்னார்கள். கண் ஓடாதபோது 160 தடவை எழுப்பியதில் 11 தடவைதான். (மற்றத் தூக்கத்திலும் கனவு உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால் நீளமாக, படம் ஓடுகிற மாதிரி வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.) ஒருவருக்குக் கண் இடம் வலமாக மட்டுமே ஓடியது. எழுப்பிக் கேட்டார்கள். இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் தக்காளி எறிவதைக் கனவில் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

(காட்சி: தோட்டத்து லயத்து வீடுகள், பழைய புகைப்படம்.)

சரி, கண் இப்படி ஓடுகிறதே, கையும் காலும் ஏன் ஓடவில்லை? இதற்குப் பதில் பிரான்சில் லியோன் நகரில் கிடைத்தது. 1959இல் மிஷேல் ஜூவே பூனைகளைக் கவனித்தார். மூளை விழித்திருப்பது போல அலையடிக்கிறது, ஆனால் கழுத்துத் தசை துணி மாதிரி தொய்ந்துவிடுகிறது. மூளைத்தண்டு உடம்பைக் கட்டிப்போடுகிறது. கண்ணும் மூச்சுத் தசையும்தான் அந்தக் கட்டுக்கு வெளியே. மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியை நீக்கியபோது, தூங்கும் பூனைகள் எழுந்து இல்லாத எலியைத் துரத்தின.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டு நன்றாகத் தெரியும். விழிப்பு வந்துவிடும், கூரை தெரியும், ஆனால் விரல்கூட அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாம் அமுக்குவான் பேய் என்போம், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் 'கெனா திண்டே' என்பார்கள். எங்கள் லயத்தில் பெரியம்மா ஒருவர் பால்வெட்டுக் கத்தியைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார், இரும்பைக் கண்டால் பேய் வராது என்று. அவர் பயந்தது பொய் இல்லை. மூளை விழித்துவிட்டது, கட்டு இன்னும் அவிழவில்லை, கனவின் மிச்சமும் கலையவில்லை. சில நொடியிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ தானாக விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும் இது அதிகம் வரும்.

(காட்சி: இரவு எட்டு மணி நேரத்தைக் காட்டும் நீண்ட பட்டை. கனவுத் தூக்கத்தைக் காட்டும் நீலத் துண்டுகள் போகப் போக நீள்கின்றன.)

இந்தப் பட்டைதான் எனக்கு மிக முக்கியம். கொஞ்சம் நின்று பாருங்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. முதல் சுற்றில் கனவுத் தூக்கம் ஐந்து, பத்து நிமிடம்தான். கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரம் வரைகூட நீளும். அதாவது கனவின் பெரும்பகுதி விடியலுக்கு முந்திய நேரத்தில் இருக்கிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், பாம்பு வந்தால் நாலு நம்பர் லாட்டரிகூட எடுப்பார்கள். பலிக்குமோ இல்லையோ, அந்த நேரக் கனவுதான் நீளம், விழித்ததும் நினைவில் நிற்பதும் அதுதான்.

வேலை நாளில் அந்த நேரத்தில் எங்கள் அம்மா தூங்கியதே இல்லை. நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, கோப்பி ஓ கலக்கி, ஐந்தரைக்குள் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் வரிசைக்கு, நிற்க வேண்டும். தோட்டத்துக்கு அந்த நேரம் வேண்டும், ஏனென்றால் பால்மரத்துக்குள், அதாவது ரப்பர் மரத்துக்குள், அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், பால் குறையும். பத்து மணிக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால், எட்டு மணி நேரத் தூக்கத்தில் போவது கால்வாசிதான். ஆனால் கனவுத் தூக்கத்தில் போவது அதைவிட அதிகம், ஏனென்றால் வெட்டுப்படுவது பட்டையின் இந்தக் கடைசித் துண்டு. மரத்துக்கும் மனிதருக்கும் ஒரே நேரம்தான் செழிப்பு. மரத்துடையதைத்தான் கணக்கெழுதி வைத்தார்கள்.

இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் ஈப்போ பக்கம் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கிளைட்மேனின் இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1938இல் அவரும் ரிச்சர்ட்சன் என்ற மாணவரும் கென்டக்கியில் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார்கள். ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். எலி ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களை டின்களுக்குள் நிறுத்தியிருந்தார்கள். இளைஞர் ரிச்சர்ட்சனின் உடல் பழகிக்கொண்டது. 43 வயது கிளைட்மேனுக்குச் சூரியனே தெரியாத இருட்டிலும் உடம்புச்சூடு 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. பகலில் தகரக் கூரைக்குக் கீழே புரண்டுகொண்டிருக்கும் தம்பியிடம், "பழகினால் சரியாகிவிடும்" என்று சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிக் கொடுங்கள், பகலில் அவர் தூங்கும்போது கதவைத் தட்டாதீர்கள்.

(காட்சி: வீட்டு வாசல். அம்மாவின் கைகள், கீரை ஆய்கின்றன.)

சின்ன வயதில் அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கனவு சொல்வார். பசியாறும்போது தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்வார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். மற்ற நாளில் கேட்டால், "எனக்கு எங்க கனவு வருது" என்பார். ஞாயிறு ஒரு நாள்தான் அவர் ஆறரை வரை தூங்குவார் என்பதை இந்தப் பட்டையைப் பார்த்த பிறகுதான் நான் சேர்த்து யோசித்தேன்.

இப்போது அம்மா ஓய்வில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். உடம்புப் பழக்கம், நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும், ஆனால் திரும்பப் படுத்துக்கொள்கிறார். போன வாரம் காலை ஏழரைக்கு எழுந்து வந்து சொன்னார்: "தம்பி, ராத்திரி ஒரு கனவு. என் பழைய நிரையில நிக்கிறேன். வெட்ட வெட்டப் பால் வருது, வாளி பத்தல. உங்க அப்பா இன்னொரு வாளியைத் தூக்கிக்கிட்டு வர்றாரு."

அன்றைக்குப் புதன்கிழமை.